நெடிய தேகமும் நைந்த தமனியும்



1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் தேதி, ஜப்பான் தேசத்தில் மாட்சுயே என்னும் நகரில் நடந்த ஒரு வாலிபால் பந்தயத்தின் நடுவே, ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்க வீராங்கனை, தமக்குப் பதிலாக வேறொருவர் களம் இறங்கியதும் வெளியே வந்து ஆசனத்தில் அமர்ந்து, தம் அணியினருக்கு உற்சாகமூட்டிக்கொண்டிருந்தபடியே சரிந்து விழுந்து உயிர் நீத்தார். அவருடைய உயரம் ஆறடி ஐந்து அங்குலம்; வயது 31. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அந்த அணியின் முதுகெலும்பாக விளங்கியவர் அவர். பன்னிரண்டு வயதிலேயே ஆறடி வளர்ந்துவிட்ட அந்தப் பெண், தம் உயரத்தைக் கண்டு நாணிக் கூனி நடந்த பருவத்தைத் தாண்டி, அந்த உயரத்தையே தம் ஆயுதமாக்கிக்கொண்டு, உலகப் பிரசித்தி பெற்றவர்.

மாரடைப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். குடும்பத்தாருக்கு அந்தச் சொல் திருப்தி அளிக்கவில்லை. ஒரு நாளில் பல மணி நேரம் பயிற்சி செய்து, ஆண்டுக்கணக்கில் சர்வதேசப் பந்தயங்களில் நின்று ஆடிய ஒரு தேகத்தில், முன்பின் அறிகுறி ஏதுமின்றி இருதயம் நின்றுவிடுமா என்று அவர்கள் கேட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிரேத பரிசோதனை நடந்தது. இருதயம் குற்றமற்றதாக இருந்தது. ஆனால் இருதயத்திலிருந்து ரத்தத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் பெருந்தமனியில், சிறு நாணயம் அளவே உள்ள ஒரு நைந்த இடம் கிழிந்திருந்தது. அதோடு மற்றொன்றையும் வைத்தியர் கண்டார். அந்தக் கிழிசலைச் சுற்றி ஏறக்குறைய மூன்று வாரத்துப் பழைய ரத்தக்கட்டு ஒன்று இருந்தது. அதாவது, மரணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்த இடம் ஒரு முறை கிழிந்து, தானே ஆறத் தொடங்கியிருந்தது. அதற்கிடையில் அவர் ஆடிக்கொண்டேயிருந்தார். காரணம் மார்பான் நோய் என்னும் பரம்பரை வியாதி. அது தமக்கு உண்டென்பது உயிரோடிருந்த காலம் வரையில் அவருக்கும் தெரியாது, அவரைச் சுற்றியிருந்தோருக்கும் தெரியாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். இணைப்புத் திசுக்களின் பரம்பரைக் கோளாறுகள் என்று வைத்தியர்கள் சொல்லும் ஒரு தொகுதி நோய்கள் உண்டு; அவற்றையுடைய தேகத்தின் மீது சிரமம் என்னும் பாரம் எப்படி இறங்குகிறது, அந்த நோய் ஏன் இவ்வளவு காலந்தாழ்ந்து கண்டறியப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். நான் வைத்தியம் பயின்றவனல்லேன். வைத்திய சரித்திரத்தில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன். அந்தச் சரித்திரத்தைப் படித்ததில் என் மனத்தில் உறுதியாகப் பதிந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நோய்கள் ஒளிந்திருப்பவையல்ல. விரலிலும் கண்ணிலும் முதுகிலும் மார்பிலும் அவை வெளிப்படையாகவே நிற்கின்றன. தாமதம் நோயினிடத்தில் இல்லை. பார்க்கிற நம்மிடத்தில் இருக்கிறது.

நம் சரீரத்தில் எலும்பை எலும்போடு கட்டும் நார்களும், தசையை எலும்போடு கட்டும் நாண்களும், தோலுக்கு உறுதி தரும் அடிப்படலமும், கண்ணின் லென்ஸை அதனிடத்தில் நிறுத்தி வைக்கும் நுண்ணிய இழைகளும், இருதயத்தின் வால்வுகளும், ரத்தக் குழாய்களின் சுவர்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் போலத் தோன்றினாலும், இவையனைத்தும் இணைப்புத் திசு என்ற ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கொல்லாஜென் முதலிய சில புரதங்கள் இவற்றுக்கு வலிமை தருகின்றன. வேறு சில புரதங்கள் நீண்டு சுருங்கும் தன்மையைத் தருகின்றன. பெற்றோரிடமிருந்து வருகிற ஒரு மரபணுவில் பிழை நேர்ந்து, அந்தப் புரதங்களில் ஒன்று குறைவுபட்டு அமைந்துவிட்டால், பிழை ஓரிடத்தில் தங்குவதில்லை. அந்தப் புரதம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் தேகம் நெகிழ்ந்துவிடுகிறது.

மார்பான் நோய் ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லா இனத்தவரிடத்திலும், ஆண் பெண் என்ற பேதமின்றி அது காணப்படுகிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆனால் நோயுடையோரில் நான்கில் ஒருவருக்கு, குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல், அவரிடமே புதிதாக அந்தப் பிழை தோன்றிவிடுகிறது. 'எங்கள் வம்சத்தில் அப்படி ஒரு வியாதியே கிடையாது' என்று சொல்லி மனநிம்மதி அடைவதற்கு இந்த நோய் இடம் கொடுப்பதில்லை.

இதன் சரித்திரமே தாமதத்தின் சரித்திரம். 1896-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் அந்துவான் மார்பான் என்ற குழந்தை வைத்தியர், கப்ரியேல் என்னும் ஐந்தரை வயதுச் சிறுமியைத் தம் சக வைத்தியர்களின் சபையில் காட்டி, அவளுடைய விரல்களும் கைகால்களும் இயல்புக்கு மீறி நீண்டும் மெலிந்தும் இருப்பதை விவரித்தார். அவர் கண்டது எலும்பை மட்டுமே. அந்தச் சிறுமிக்கு இருந்தது இன்று நாம் மார்பான் நோய் என்று சொல்வதுதானா, அல்லது அதை ஒத்த வேறொன்றா என்பதே பிற்கால அறிஞர்களுக்கு ஐயமாயிற்று. கண்ணின் லென்ஸ் இடம் பெயர்வதும் இந்நோயைச் சேர்ந்ததென்று தெளிவானது 1914-இல். பெருந்தமனி விரிந்து கிழிவதும் இதன் பகுதியே என்று எழுதப்பட்டது 1943-இல். நீண்ட விரல்களைக் கண்டதற்கும் ஆபத்தான தமனியைக் கண்டதற்கும் நடுவே 47 ஆண்டுகள் கழிந்தன! அந்த 47 ஆண்டுகளில், விரல்களைப் பார்த்து வியந்த வைத்தியர்களின் கண்ணெதிரே எத்தனை பேர் தமனி கிழிந்து மாண்டிருப்பார்கள் என்பதை நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது. பிறகு 1950-களில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மெக்கூசிக், இருதய வைத்தியராகத் தொடங்கிய தம் வாழ்வைப் பரம்பரை நோய்களின் ஆராய்ச்சிக்கே அர்ப்பணித்து, ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கண்ணும் மற்றொருவருக்கு முதுகும் வேறொருவருக்கு இருதயமும் கெடுவதைச் சேர்த்துப் பார்த்து, இவையனைத்தும் ஒரே இழையின் குறை என்று நிலைநாட்டினார். 1956-இல் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. அவர் ஊகித்த அந்த இழையின் புரதமாகிய ஃபிப்ரிலின் கண்டுபிடிக்கப்பட்டது, ஹைமன் இறந்த அதே 1986-ஆம் ஆண்டில். அதற்குரிய மரபணு பதினைந்தாவது குரோமோசோமில் இருப்பதும், அதில் நேரும் பிழையே நோய்க்குக் காரணம் என்பதும் 1991-இல் நிரூபணமாயின.

சாஸ்திரம் தெளிந்துவிட்டது. அப்படியானால் நோயாளி ஏன் இன்னும் காலந்தாழ்ந்து கண்டறியப்படுகிறார்?

முதல் காரணம், இந்த நோயின் அடையாளங்களில் பலவற்றை உலகம் அழகென்றும் பேறென்றும் கொண்டாடுவதுதான். முழங்கால் வரை நீண்ட கைகளை மகாபுருஷ லட்சணம் என்று நம் சாமுத்திரிகா சாஸ்திரம் போற்றுகிறது. நீண்ட மெல்லிய விரல்களை வீணைக்கும் ஓவியத்துக்கும் உரிய விரல்கள் என்று தாய்மார்கள் பெருமையோடு சொல்வார்கள். கூடைப்பந்தும் வாலிபாலும் நெடியோரைத் தேடிப் பொறுக்கி எடுக்கின்றன. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அளந்தால், சாதாரணமாக அந்த அளவு ஒருவரது உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். அது உயரத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் அதிகமாயிருப்பது மார்பான் நோயின் குறிகளில் ஒன்று. அதே நீளம், வலைக்கு மேலே பந்தைத் தடுக்கும் ஆட்டக்காரருக்குக் கிடைத்தற்கரிய வரம். எந்தத் தேகம் நோயின் சாட்சியோ, அதே தேகம் திறமையின் சாட்சியாகவும் நின்றுவிட்டபடியால், கைதட்டும் ஜனங்களில் ஒருவருக்கும் அதைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

இரண்டாவது காரணம், ஒரே மனிதனைத் துண்டு துண்டாகப் பார்க்கும் வழக்கம். சிறுவயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை என்று கண் டாக்டரிடம் போகிறான். கனமான கண்ணாடி எழுதித் தருகிறார். முதுகெலும்பு வளைகிறதென்று எலும்பு டாக்டரிடம் போகிறான், பட்டை கட்டுகிறார். மார்பெலும்பு குழிந்தோ புடைத்தோ இருக்கிறது. அது பிறவிக் கோணல் என்று விட்டுவிடுகிறார்கள். பற்கள் நெருக்கிக்கொண்டிருக்கின்றன என்று பல் டாக்டர் சிலவற்றைப் பிடுங்குகிறார். ஒரு நாள் நுரையீரல் திடீரென்று சுருங்கி மூச்சுத் திணறுகிறது. அதற்கும் சிகிச்சை நடந்து வீடு திரும்புகிறான். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் சரிவரச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தவர் எவருமில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரரான ஐசயா ஆஸ்டின் என்பவருக்கு ஏழடிக்கு மேல் உயரம். இளம்பருவத்திலேயே வலக்கண்ணின் விழித்திரை பிரிந்து, பல சத்திர சிகிச்சைகளுக்குப் பின்னும் பார்வை போயிற்று. அந்தக் கண்ணில் காயமும் பட்டிருந்ததால் அதற்கு மேல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்குச் சில தினங்களுக்கு முன், அதற்காக நடந்த தேகப் பரிசோதனையில்தான் மார்பான் நோய் தெரியவந்தது. அவருக்கு அது பெரிய துக்கம். ஆனால் உயிரோடு இருக்கும்போதே தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, வைத்தியர்களின் கண்காணிப்பில் மறுபடியும் ஆடும் அனுமதியையும் பெற்றார்.

இனி, சிரமத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருந்தமனியின் அடிப்பாகத்தில் போய் மோதுகிறது. ஆரோக்கியமான சுவர் அந்த மோதலில் சற்றே விரிந்து உடனே பழைய அளவுக்குச் சுருங்கும். மார்பான் நோயுடையவரின் சுவரோ விரிந்தது விரிந்தபடி, ஆண்டுக்காண்டு மில்லிமீட்டர் கணக்கில் அகன்றுகொண்டே போகும். சைக்கிள் டயரில் ஓரிடம் நைந்துவிட்டால் உள்ளேயுள்ள ட்யூப் அந்த இடத்தில் புடைத்துக்கொள்வதையும், புடைக்கப் புடைக்க அந்த இடமே இன்னும் மெலிந்து வெடிக்கத் தயாராவதையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதுவே. குழாயின் சுவரை இழுக்கும் விசை, உள்ளிருக்கும் அழுத்தத்தையும் குழாயின் அகலத்தையும் பொறுத்தது. அழுத்தம் கூடினாலும் விசை கூடும், அகலம் கூடினாலும் கூடும். ஆகவே ஏற்கெனவே அகன்றுவிட்ட தமனிக்கு, மற்றவர்கள் தாங்கும் அதே அழுத்தம் அதிகப்படியான பாரமாகிறது.

தேகப்பயிற்சி எல்லாம் ஒரே வகையல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நடப்பதாலும் நிதானமாக நீந்துவதாலும் ரத்த அழுத்தம் அளவோடு உயர்ந்து இறங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கும்போது நிகழ்வது வேறு. 1985-இல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள், தேகக்கட்டுப் பயிற்சியாளர்கள் சிலரின் தமனிக்குள்ளேயே கருவியைச் செலுத்தி, இரண்டு கால்களாலும் பாரத்தை உந்தித் தள்ளும்போது அழுத்தத்தை அளந்தார்கள். சாதாரண நிலையில் 120-க்கு 80 என்றிருப்பது, சராசரியாக 320-க்கு 250 என்ற அளவுக்கு ஏறியிருந்தது. ஆரோக்கியமான தமனி அதைத் தாங்கிக்கொள்ளும். நைந்த தமனியையுடைய ஒரு வாலிபன், தோழர்களோடு பந்தயமாகப் பாரம் தூக்கும்போதோ, மூச்சடக்கிச் சடுகுடு ஆடி மோதி விழும்போதோ, நிறைந்த காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடி ஏறும்போதோ, தான் எந்தச் சுவரைச் சோதிக்கிறோம் என்பதை அறியமாட்டான். விரிகிற தமனி வலிப்பதில்லை. அதுதான் இந்த நோயின் குரூரம்.

கிழியும்போது வலிக்கும். பெருந்தமனியின் சுவர் பல அடுக்குகளால் ஆனது; உள்ளடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளின் நடுவே புகுந்து அவற்றைப் பிரித்துக்கொண்டே ஓடும். மார்பிலோ முதுகிலோ, பிளப்பது போன்ற வலி திடீரென்று உச்சமாகத் தோன்றி, சில சமயம் இடம் மாறிச் செல்லும். இருதயத்தை ஒட்டிய பகுதியில் இப்படிக் கிழிந்தவர்களில், சிகிச்சை இல்லாவிட்டால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் வீதம் இறக்கிறார்கள் என்பது வைத்திய நூல்களில் காணும் கணக்கு. இதை மாரடைப்பென்று தவறாக எண்ணி, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் செலுத்திவிட்டால் தீங்கு பல மடங்காகும்.

வலியோடு வைத்தியரை நாடிச் சென்றும் உயிர் போவதுண்டு என்பதற்கு ஜொனாதன் லார்சனின் மரணம் சாட்சி. நியூயார்க்கில் வசித்த அந்த நாடக ஆசிரியர், ஓர் உணவு விடுதியில் ஊழியம் செய்துகொண்டே பல ஆண்டுகள் உழைத்து 'ரென்ட்' என்ற இசை நாடகத்தை எழுதி முடித்தார். 1996-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அது மேடையேறும் வாரத்தில், கடுமையான மார்பு வலி கண்டு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போனார். ஓரிடத்தில் உணவு விஷமாகிவிட்டதென்றும், மற்றோரிடத்தில் வைரஸ் காய்ச்சலென்றும் சொல்லி அனுப்பினார்கள். ஜனவரி 25-ஆம் தேதி அதிகாலையில், நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த அன்றே, தம் வீட்டுச் சமையலறையில் பெருந்தமனி கிழிந்து இறந்தார். வயது 35. அவருக்கு மார்பான் நோய் இருந்து கண்டறியப்படாமல் போயிருக்க வேண்டுமென்று பின்னர் வைத்தியர்கள் கருதினார்கள். மாகாண சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, அவ்விரு மருத்துவமனைகளுக்கும் அபராதம் விதித்தது. அந்த நாடகம் புலிட்சர் பரிசு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் பிராட்வேயில் நடந்தது. அந்த வெற்றியில் எதையும் அவர் காணவில்லை.

இங்கே ஹைமனின் குடும்பத்தை மறுபடியும் நினைவுகூர வேண்டும். பிரேத பரிசோதனையின் முடிவு வந்ததும், உடன்பிறந்தோருக்கும் இந்நோய் இருக்கக்கூடும் என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். பரிசோதித்ததில் அவருடைய சகோதரர் ஒருவருக்கும் அதே நோய் இருப்பது தெரிந்தது. உடனே இருதய சத்திர சிகிச்சை செய்து அவரைக் காப்பாற்றினார்கள். மாரடைப்பு என்ற வார்த்தையோடு அந்தக் குடும்பம் திரும்பியிருந்தால், அந்தச் சகோதரரும் பின்தொடர்ந்திருப்பார். ஒரு சாவுக்குச் சரியான காரணம் கேட்பது சிலருக்கு அநாவசியமாகவும், சிலருக்கு இறந்தவரை அவமதிப்பதாகவும் தோன்றலாம். இந்த வியாதியிலோ, அந்தக் கேள்வி உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யும் முதல் வைத்தியம்.

மார்பான் நோயைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அதன் உறவினமான எலர்ஸ்–டான்லோஸ் நோயைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1901-இல் கோபன்ஹேகன் நகரத்து எட்வர்ட் எலர்ஸும், 1908-இல் பாரிஸ் நகரத்து டான்லோஸும் விவரித்த இந்நோயில் 2017-இல் 13 வகைகளைப் பிரித்தார்கள். ரத்தக் குழாய்களே கிழியும் வகை அரிது, ஆனால் மிகக் கொடியது. பெரும்பாலோருக்கு வருவது மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் வகை. அதற்குரிய மரபணு இன்னமும் அகப்படவில்லை. சுண்டுவிரலைப் பின்னோக்கிச் செங்குத்தாக வளைப்பதும், கட்டைவிரலை முன்கையில் படும்படி மடக்குவதும், முழங்காலை மடக்காமல் உள்ளங்கைகளைத் தரையில் பதிப்பதும் பள்ளிக்கூடத்தில் வேடிக்கையாகக் காட்டப்படும் வித்தைகள். பீட்டர் பெய்ட்டன் என்ற வைத்தியர் 1973-இல் இவை முதலியவற்றையே ஒன்பது மதிப்பெண் கொண்ட பரிசோதனையாக வகுத்தார். வளைந்தவர் எல்லாரும் நோயாளியல்லர். நன்றாக வளைந்து, வாழ்நாள் முழுதும் சுகமாயிருப்பவர் அநேகர். ஆனால் வளைவோடு வலியும், மூட்டு நழுவுதலும், சிறு அடியிலும் கன்றிப்போகும் தோலும், உறங்கி எழுந்தும் நீங்காத அசதியும் சேர்ந்திருப்பவரின் கதை வேறு.

அவருடைய சிரமம், கிழியும் தமனியைப் போல் ஒரு நொடியில் வந்து தாக்குவதன்று. நாள் முழுதும் அணு அணுவாகத் தேய்ப்பது. மூட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய நார்கள் தளர்ந்துவிட்டதால், அந்த வேலையையும் தசைகளே செய்கின்றன. நிற்பதும், பேனா பிடித்து எழுதுவதும், குழந்தையை இடுப்பில் வைப்பதும், மற்றவர்களுக்கு வேலையாகவே தோன்றாத காரியங்கள். இவருடைய தசைகளுக்கு அவை ஓயாத கூலி வேலை. மாலையில் அவர் படுத்துவிட்டால் சோம்பல் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டுகிறார்கள். ஐரோப்பாவில் அரிய நோயாளிகளின் சங்கங்கள் ஒன்றுகூடி எடுத்த கணக்கில், எலர்ஸ்–டான்லோஸ் நோயாளிகளில் பாதிப்பேருக்கு, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரிய 14 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆயிற்று. ஆண்களைவிடப் பெண்களுக்குத் தாமதம் மிக அதிகம். பெண் ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால் அதை நம்புவதற்கு உலகம் இவ்வளவு யோசிக்கிறதே என்பதில் எனக்கு மிகுந்த வருத்தமுண்டு. அவள் சொல்லும் வலிக்குச் சான்று அவள் விரலிலேயே இருக்கிறது. மடக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

தாமதமில்லாவிட்டால் என்ன நன்மை என்று கேட்பீர்கள். 1972-இல் மெக்கூசிக்கின் குழுவினர் மார்பான் நோயாளிகளின் ஆயுளைக் கணக்கிட்டபோது, அவர்களில் பாதிப்பேர் 48 வயதைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். 1993-இல் மறுபடியும் கணக்கிட்டபோது அந்த வயது 72 ஆகியிருந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் 24 ஆண்டுகள்! லண்டனில் ஹ்யூ பெண்டால் 1968-இல் வெளியிட்ட, நைந்த பகுதியை வால்வோடு சேர்த்தெடுத்துச் செயற்கைக் குழாய் பொருத்தும் சத்திர சிகிச்சையும், இருதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் முதலிய மருந்துகளும், ஒலியலைகளால் இருதயத்தையும் தமனியையும் பார்க்கும் எக்கோ என்னும் வலியற்ற பரிசோதனையும் சேர்ந்து இதைச் சாதித்தன. பெருந்தமனியின் அடிப்பாகம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலத்தை எட்டும்போது, கிழிவதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள். 1999-இல் பத்து மருத்துவமனைகளின் 675 நோயாளிகளை ஆராய்ந்ததில், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த சிகிச்சைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இறந்தவர் நூற்றுக்கு 1.5, அவசரத்தில் செய்தபோது இறந்தவர் நூற்றுக்கு 11.7. அதே நோய், அதே கத்தி. வித்தியாசம், நோய் இருப்பது எப்போது தெரிந்தது என்பதுதான்.

நோய் தெரிந்தவர் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. நடக்கலாம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். பயிற்சியின்போது பக்கத்திலிருப்பவரோடு தடையின்றிப் பேச முடிகிற அளவு இருந்தால் போதும். மூச்சடக்கிப் பாரம் தூக்குவதும், மோதி விழும் ஆட்டங்களும் விலக்கு. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிற சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் இவர்களுடைய தமனிக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. கர்ப்பம் தனியே கவனிக்க வேண்டிய விஷயம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரைப் பங்காகிறது; கடைசி மாதங்களும், பிரசவமும், அதற்குப் பிந்திய வாரங்களும் நைந்த தமனிக்கு மிகக் கடினமான சோதனை. ஆகவே இந்நோயுடைய பெண்ணுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பே எக்கோ எடுத்துப் பார்ப்பது அத்தியாவசியம்.

உயரமான பிள்ளைகளையெல்லாம் நோயாளிகளாக்கிப் பயமுறுத்த நான் இங்கே வரவில்லை. நெடியவர்களிலும் மெலிந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பூரண ஆரோக்கியமுடையவர்கள். நான் கேட்பது சேர்த்துப் பார்க்கும் கண்ணை மட்டுமே. தேகப்பயிற்சி ஆசிரியர்களே, உங்கள் அணிக்கு நெடிய மாணவன் ஒருவன் கிடைத்தால், அவன் கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்து மற்ற விரல்களை மூடச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நகப்பகுதி முழுதும் மறுபக்கத்தில் வெளியே தெரிந்தால், அவன் மற்றொரு கையின் மணிக்கட்டைப் பற்றும்போது சுண்டுவிரலும் கட்டைவிரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், கூடவே கனத்த கண்ணாடியும் வளைந்த முதுகும் இருந்தால், பாரம் தூக்கச் சொல்வதற்கு முன் இருதய வைத்தியரிடம் அனுப்புங்கள். கண் டாக்டர்களே, லென்ஸ் இடம் பெயர்ந்த குழந்தையைக் கண்டால், கண்ணாடிச் சீட்டோடு எக்கோவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனை செய்கிறார்கள். உடலில் ஊசிகூட ஏறாது, சில நிமிஷ வேலை. வீட்டுப் பெரியவர்களே, உங்கள் குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று விழுந்து இறந்திருந்தால், 'நெஞ்சுவலி, போய்விட்டான்' என்ற ஒரு வரியோடு அதை மூடிவிடாதீர்கள். அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் இந்த மாதத்துக்குள் அழைத்துச் சென்று ஒரு முறை எக்கோ எடுத்துப் பாருங்கள்.